மைக் அணி வைத்து பம்பு செட்டின் சத்தம் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடித்து அளப்பது: முழுமையான வழிகாட்டி

ஓடும் இயந்திரத்தின் முன் மைக் அணியை, அதாவது ஒரே சட்டத்தில் கட்டிய பல மைக்குகளை, நிறுத்திப் பதிவு செய்து மென்பொருளில் போட்டால் வண்ணப் படம் ஒன்று கட்டாயம் வரும். ஒரு மைக்கின் கம்பி தலைகீழாக இருந்தாலும் வரும். இரண்டு சேனல்கள் இடம் மாறியிருந்தாலும் வரும். சிவப்பாகத் தெரிவது எதிர்ச் சுவரின் எதிரொலியாக இருந்தாலும் வரும். அந்தப் படத்தை நம்பி விசிறியையோ பேரிங்கையோ மாற்றிவிட்டு, சத்தம் குறையவில்லையே என்று நிற்பதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல், படம் வருவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளைப் பற்றியே இருக்கும்.

அளக்கப்போகும் பொருள் 1 குதிரைத்திறன் மோனோபிளாக் பம்பு. கோவைப் பக்கம் பம்பு செய்கிறவர்களும் பழுது பார்க்கிறவர்களும் நன்றாக அறிந்த இயந்திரம். ஒரு முனையில் மூடிக்குள் குளிர்விக்கும் விசிறி, நடுவில் மோட்டாரும் பேரிங்குகளும், மறுமுனையில் கேசிங்குக்குள் தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர். எல்லாம் அரை மீட்டருக்குள் அடங்கிவிடும். மூன்றில் எது, எவ்வளவு சத்தம் போடுகிறது என்பதே கேள்வி.

அடிப்படை

ஒரே சத்தம் வெவ்வேறு மைக்குகளுக்கு வெவ்வேறு நேரத்தில் வந்து சேரும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு சுமார் 349.5 மீட்டர் போகும். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்துக்கு 29 மைக்ரோ நொடி. முதல் உலகப் போரில் லாரன்ஸ் பிராக் தலைமையில் பிரிட்டிஷ் படை எதிரிப் பீரங்கிகளின் இடத்தைக் கணித்தது இந்த நேர வித்தியாசத்தை வைத்துத்தான்.

பீங்கான் உடைந்ததுபோல் ஒரே ஒரு வெடிப்புச் சத்தம் என்றால் நான்கு மைக்குகளும் நேர வித்தியாசக் கணக்குமே போதும். நாப்பும் கார்ட்டரும் 1976-ல் வெளியிட்ட குறுக்குத் தொடர்பு முறை (ஒரு பதிவை நகர்த்தி மற்றதோடு எங்கே பொருந்துகிறது என்று பார்ப்பது) இன்றும் அதற்குக் கைகொடுக்கும். பம்பு அப்படியல்ல. பல இடங்களிலிருந்து தொடர்ந்து இரைகிறது. இதற்கு பீம்ஃபார்மிங் வேண்டும்: இயந்திரத்தின் மேல் கற்பனையாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டப் புள்ளியிலிருந்தும் சத்தம் வந்திருந்தால் ஒவ்வொரு மைக்குக்கும் எவ்வளவு தாமதம் ஆகியிருக்கும் என்று கணக்கிட்டு, அந்தத் தாமதத்தைத் திருப்பிச் சரிசெய்து எல்லா மைக்குகளையும் கூட்டுவது. உண்மையான மூலம் இருக்கும் புள்ளியில் கூட்டுத்தொகை ஓங்கும். மற்ற இடங்களில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தணியும்.

படி 1: அலைவெண்ணை முடிவு செய்யுங்கள்

மைக் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. ஒரே ஒரு மைக்கில் பம்பைப் பதிவு செய்து ஸ்பெக்ட்ரம் (எந்த அலைவெண்ணில் எவ்வளவு சத்தம் என்ற வரைபடம்) பாருங்கள்.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் இருதுருவ மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 2880 சுற்று, அதாவது நொடிக்கு 48. விசிறிக்கு 6 இறக்கை என்றால் 288 ஹெர்ட்ஸில் ஒரு கோடு நிற்கும். மின்காந்த விசையின் ஹம் 100 ஹெர்ட்ஸில் வரும். பேரிங் இரைச்சல், விசிறி மூடியில் காற்று உரசும் சத்தம், தண்ணீரில் குமிழிகள் தோன்றி உடையும் கேவிடேஷனின் கூழாங்கல் உருளுவது போன்ற கரகரப்பு எல்லாம் 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பரந்து கிடக்கும்.

அணியின் அளவை இதுதான் தீர்மானிக்கும். இரண்டு மூலங்கள் தனித்தனியாகத் தெரிய அவற்றுக்கிடையே இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி:

1.22 × அலைநீளம் × பொருளுக்குள்ள தொலைவு ÷ அணியின் விட்டம்

60 செ.மீ. விட்டமுள்ள அணியை 60 செ.மீ. தொலைவில் நிறுத்தினால் கிடைப்பது:

- 1 கிலோஹெர்ட்ஸ்: 43 செ.மீ.
- 2 கிலோஹெர்ட்ஸ்: 21 செ.மீ.
- 4 கிலோஹெர்ட்ஸ்: 11 செ.மீ.
- 288 ஹெர்ட்ஸ்: சுமார் ஒன்றரை மீட்டர்

விசிறிக்கும் இம்பெல்லருக்கும் இடையே 35 செ.மீ. என்றால் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பிரித்துப் பார்க்கலாம். 288 ஹெர்ட்ஸில் பம்பு முழுவதும் ஒரே சிவப்புக் கட்டியாகத்தான் தெரியும். எத்தனை மைக் சேர்த்தாலும் இது மாறாது; விட்டம் கூட வேண்டும் அல்லது தொலைவு குறைய வேண்டும். 288-க்கு வேறு வழி உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

படி 2: உறுப்புகள்

தயாராகக் கிடைக்கும் மினிடிஎஸ்பி யூஎம்ஏ-16 போர்டில் 16 மெம்ஸ் (சிப் வகை) மைக்குகள் 42 மி.மீ. இடைவெளியில் நான்குக்கு நான்காக இருக்கும். கணினியில் செருகினால் வேலை செய்யும். ஆனால் அகலம் 12.6 செ.மீ. மட்டுமே. 60 செ.மீ. தொலைவில் 2 கிலோஹெர்ட்ஸில் இடம் பிரிக்கும் திறன் முக்கால் மீட்டருக்கும் மோசமாகிவிடும். 15 செ.மீ. வரை நெருங்கி 3–4 கிலோஹெர்ட்ஸ் பார்க்க நல்ல போர்டு. சம இடைவெளி என்பதால் அரை அலைநீளம் 42 மி.மீ.க்குக் கீழே போகும் இடத்தில், ஏறக்குறைய 4.1 கிலோஹெர்ட்ஸுக்கு மேல், இல்லாத இடத்தில் போலி மூலங்கள் தோன்றத் தொடங்கும்.

பம்பு அளவுள்ள பொருளுக்கு நாங்கள் பரிந்துரைப்பது இது:

- ஒரே மாடலில், ஒரே தொகுப்பில் வாங்கிய, 48 வோல்ட் பேண்டம் பவரில் (மைக் கேபிள் வழியாகவே வரும் மின்சாரம்) ஓடும் அளவீட்டு மைக்குகள் 16
- 8 அனலாக் உள்ளீடும் ஏடாட் (8 சேனல்களை ஒரே ஒளிக் கேபிளில் அனுப்பும் முறை) ஆப்டிகல் உள்ளீடும் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் 1
- ஏடாட் வெளியீடுள்ள 8 சேனல் ப்ரீஆம்ப் 1, ஆப்டிகல் கேபிள் 1
- எக்ஸ்எல்ஆர் கேபிள்கள் 16, இரண்டு முனையிலும் எண் ஒட்டியது
- 94 டெசிபெல், 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி கேலிபரேட்டர், மைக்கின் விட்டத்துக்குப் பொருந்தும் அடாப்டர்
- 70 செ.மீ. சதுரச் சட்டம், 25 மி.மீ. கண்ணுள்ள வெல்டு மெஷ், கேபிள் டைகள், உறுதியான ஸ்டாண்டு
- வெப்பமானி, ஸ்டீல் ஸ்கேல்

செலவைக் குறைக்க இரண்டு தனித்தனி யூஎஸ்பி இன்டர்ஃபேஸ்களை ஒரே கணினியில் செருகலாமா என்று பலர் கேட்பார்கள். கூடாது. ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கடிகாரம் உண்டு. இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே நொடிக்கு 50 மைக்ரோ நொடி விலகும். ஐந்தே நொடியில் 250 மைக்ரோ நொடி, அதாவது 4 கிலோஹெர்ட்ஸில் ஒரு முழு அலை. பதிவின் தொடக்கத்தில் சரியாக இருந்த அணி முடிவதற்குள் குப்பையாகிவிடும். ஏடாட் வழியில் இரண்டு பெட்டியும் ஒரே கடிகாரத்தில் ஓடும்.

படி 3: சட்டமும் மைக் இடங்களும்

மைக்குகளைச் சம இடைவெளியில் வைக்காதீர்கள். சுருள் வடிவம் போலி மூலங்களைச் சிதறடித்துவிடும். வோகல் சுருளின் சூத்திரம் எளிது. n-ஆவது மைக்குக்கு:

மையத்திலிருந்து தூரம் = 30 செ.மீ. × ((n − 0.5) ÷ 16)-ன் வர்க்கமூலம்
கோணம் = n × 137.5 டிகிரி

முதல் மைக் 5.3 செ.மீ. தூரத்தில் 137.5 டிகிரியில், இரண்டாவது 9.2 செ.மீ., 275 டிகிரி, மூன்றாவது 11.9 செ.மீ., 52.5 டிகிரி. பதினாறாவது 29.5 செ.மீ.இல் போய் நிற்கும்.

சட்டத்தில் மெஷ்ஷை இறுக்கமாக இழுத்துக் கட்டி, இந்த இடங்களுக்கு அருகில் மைக்குகளை கேபிள் டையால் கட்டுங்கள். எல்லா முனைகளும் ஒரே தளத்தில் வரட்டும். மெஷ்ஷின் கம்பி ஒலிக்குத் தடையாகாது. பிளைவுட் பலகையில் துளையிட்டு மைக்குகளை 5 செ.மீ. முன்னே நீட்டி வைக்கிறவர்கள் உண்டு. பலகையில் பட்டுத் திரும்பும் ஒலி 10 செ.மீ. கூடுதலாக நடந்து வந்து 1750 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் நேரடி ஒலியை அடித்துவிடும். பலகைதான் வேண்டும் என்றால் மைக் முனை பலகையோடு சமமாக இருக்க வேண்டும், எல்லா அளவும் 6 டெசிபெல் வரை கூடும் என்பதைக் கணக்கில் கழிக்க வேண்டும். மெஷ் நல்லது.

மைக் சூத்திரம் சொன்ன இடத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. அது இருக்கும் உண்மையான இடம் உங்களுக்கு 2 மி.மீ. துல்லியத்தில் தெரிய வேண்டும். தெரியாத ஒரு சென்டிமீட்டர் என்பது 4 கிலோஹெர்ட்ஸில் 41 டிகிரி கட்டப் பிழை (இங்கே கட்டம் என்பது அலையின் ஃபேஸ்). கட்டி முடித்த பின் சட்டத்தின் இடது விளிம்பு, கீழ் விளிம்பு இரண்டிலிருந்தும் ஒவ்வொரு மைக் முனைக்கும் ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். அணியின் முன்பக்கம் நின்று அளந்தீர்களா, கேபிள் பக்கம் நின்று அளந்தீர்களா என்பதையும் எழுதுங்கள். இது கலங்கினால் படம் இடவலம் மாறி, விசிறியின் சத்தம் இம்பெல்லரில் போய் உட்காரும்.

படி 4: சேனல் சோதனை

மூன்று சோதனைகள்.

ஒன்று, வரிசை. பதிவை ஓடவிட்டு, 1 முதல் 16 வரை ஒவ்வொரு மைக்கின் உடலையும் விரல் நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். திரையில் அதே வரிசையில் சேனல்கள் துள்ள வேண்டும்.

இரண்டு, பெட்டிகளுக்கிடையே தாமதம். கடிகாரம் ஒன்றே ஆனாலும் ஏடாட் வழியாக வரும் 9–16 சேனல்கள் சில மாதிரிகள் (பதிவின் ஒவ்வொரு அளவெடுப்பும் ஒரு மாதிரி) பிந்தி வரலாம். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மாதிரி 20.8 மைக்ரோ நொடி, ஒலிக்கு அது 7.3 மி.மீ. பேண்டம் பவரை முதலில் அணைத்துவிட்டு, போனிலிருந்து வரும் ஒரே சமிக்ஞையைப் பிரித்து 1-ஆம், 9-ஆம் சேனல்களில் கொடுத்துக் குறுக்குத் தொடர்பு பாருங்கள். பேண்டம் பவரை அணைக்காமல் போன் வெளியீட்டை இணைத்தால் போன் சேதமாகலாம். கிடைத்த தாமதத்தைக் கணக்கில் கழியுங்கள். அது மாறாத எண்ணாக இருக்க வேண்டும். பெட்டிகளை அணைத்துப் போட்டபின் மாறினால், ஒவ்வொரு நாளும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்தாக வேண்டும்.

மூன்று, துருவம். ஒரு மைக் தலைகீழாக இருந்தால் உச்சம் 1.2 டெசிபெல் மட்டுமே குறையும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் சுற்றியுள்ள போலிப் புள்ளிகள் எழும்பிவிடும். ஒவ்வொரு மைக்கையும் மைக் 1-க்குப் பக்கத்தில், ஒரு ஸ்பீக்கரிலிருந்து சம தூரத்தில், ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து வெள்ளை இரைச்சல் போட்டு ஒப்பிடுங்கள். கட்ட வித்தியாசம் 180 டிகிரிக்கு அருகில் நின்றால் கேபிள் தவறு. இதே பதிவு ஒவ்வொரு மைக்கின் கட்டத் திருத்தத்தையும் தந்துவிடும். மலிவான மைக்குகளுக்கு அது அவசியம்.

படி 5: அளவுத் திருத்தம்

இடம் காண இது தேவையில்லை. டெசிபெல் சொல்ல வேண்டும் என்றால் தவிர்க்க முடியாது. கெய்ன் குமிழ்களை வைத்து டேப் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு மைக்கிலும் கேலிபரேட்டரை மாட்டி 10 நொடி பதியுங்கள். 94 டெசிபெல் என்பது 1 பாஸ்கல். பதிவின் ஆர்எம்எஸ் (வர்க்கச் சராசரியின் மூலம்) மதிப்பு எதுவோ அது 1 பாஸ்கலுக்குச் சமம். அளவீடு முடிந்தபின் இரண்டு மூன்று மைக்குகளையாவது மறுபடி பாருங்கள். அரை டெசிபெலுக்கு மேல் நகர்ந்திருந்தால் அன்றைய எண்கள் செல்லாது.

படி 6: தெரிந்த மூலத்தை வைத்துப் பரிசோதனை

இதைத் தாண்டாமல் பம்பின் சுவிட்சைத் தொடாதீர்கள்.

பம்பு அணைந்திருக்கட்டும். மொபைல் போனில் 2 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை வடிகட்டிய வெள்ளை இரைச்சலை ஓடவிட்டு, போனின் கீழ் விளிம்பிலுள்ள ஸ்பீக்கர் துளை அணியைப் பார்க்கும்படி பம்பின் மேல் வையுங்கள். துளையின் இடத்தை அணியின் மையத்திலிருந்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நடுவில், இடது ஓரத்தில், வலது மேல் மூலையில் என மூன்று இடங்கள். 4 கிலோஹெர்ட்ஸ் படத்தின் உச்சம் ஒவ்வொரு முறையும் 2 செ.மீ.க்குள் வர வேண்டும்.

பிழையின் தன்மையே காரணத்தைச் சொல்லும். மூன்றுமே ஒரே பக்கம் ஒரே அளவு நகர்ந்திருந்தால் அணியின் மையப்புள்ளி தவறு அல்லது சட்டம் சாய்ந்திருக்கிறது. இடவலம் புரண்டிருந்தால் ஆயத்தொலைவுகளின் குறி தவறு. மையத்தில் சரியாக இருந்து ஓரங்களில் மட்டும் வெளியே தள்ளினால் தொலைவையோ வெப்பத்தையோ தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள். உச்சமே இல்லாமல் படம் முழுக்கப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் படி 4-க்குத் திரும்புங்கள்.

அடுத்து அளவு. அணியின் மையத்தில் திருத்திய மைக் ஒன்றை வைத்து அதே போன் இரைச்சலை அளங்கள். 4 கிலோஹெர்ட்ஸ் பட்டையில் படத்தின் உச்ச அளவு அதோடு ஒரு டெசிபெலுக்குள் ஒத்துப்போக வேண்டும். கடைசியாக இரண்டு போன்கள், வெவ்வேறு இரைச்சல் கோப்புகள், 25 செ.மீ. இடைவெளி, ஒன்று 6 டெசிபெல் தணிவாக. தணிந்ததும் தெரிகிறதா பாருங்கள்.

படி 7: பம்பைப் பதிவு செய்தல்

- முடிந்தால் திறந்த முற்றத்தில் அளங்கள். பட்டறைக்குள்தான் என்றால் சுவர்களிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி, பம்புக்கும் அணிக்கும் நடுவே தரையில் கிளாஸ்வுல் பலகையோ தடித்த மெத்தையோ விரியுங்கள்.
- பம்பு உண்மையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்க வேண்டும். வெறுமே ஓட்டினால் சீல் போகும், சத்தமும் வேறு. வால்வின் திறப்பு, அழுத்த மானி காட்டும் அளவு, மின்னழுத்தம் மூன்றையும் எழுதுங்கள்.
- விசிறியின் காற்று எந்த மைக்கின் மேலும் அடிக்கக் கூடாது. எல்லா மைக்குக்கும் ஒரே வகை ஸ்பாஞ்சு உறை.
- பம்பு அணைந்த நிலையில் 30 நொடி, பிறகு ஓடும் நிலையில் 30 நொடி, 48 கிலோஹெர்ட்ஸில். பார்க்கப்போகும் பட்டையில் பின்னணி 10 டெசிபெலாவது தணிவாக இருக்க வேண்டும்.
- உச்சம் முழு அளவுக்கு 12 டெசிபெல் கீழே இருக்கும்படி கெய்ன். இந்த கெய்னில்தான் படி 5 செய்யப்பட்டிருக்க வேண்டும்.

வெப்பநிலையை அணிக்குப் பக்கத்திலேயே அளங்கள். 10 டிகிரி தவறினால் ஒலியின் வேகம் 6 மீட்டர் தவறும்.

படி 8: கணக்கு

பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான அகூலர் என்ற இலவச பைத்தான் நூலகம் இதற்கெல்லாம் போதும். மைக் இடங்கள் ஒரு கோப்பு, பதிவு ஒரு கோப்பு.

எஃப்எஃப்டி (சத்தத்தை அலைவெண்களாகப் பிரிக்கும் கணக்கு) தொகுதி 1024 மாதிரிகள், ஹான் சாளரம், பாதி மேலடுக்கு. பதிவில் 10 நொடியை எடுத்தாலே 936 தொகுதிகள் கிடைக்கும், சராசரிக்குத் தாராளம். இதிலிருந்து ஒவ்வொரு மைக் ஜோடியையும் ஒப்பிடும் 16க்கு 16 குறுக்கு ஸ்பெக்ட்ர மேட்ரிக்ஸ் உருவாகும். அதன் மூலைவிட்டத்தை நீக்கும் தெரிவை இயக்குங்கள்: ஒவ்வொரு மைக்கின் சொந்த இரைச்சலும் அதன்மேல் படும் காற்றின் உறுமலும் அந்த மூலைவிட்டத்தில்தான் குவியும்.

கட்டம் ஒரு மீட்டர் சதுரம், 2 செ.மீ. படி, 2601 புள்ளிகள். கட்டத்தின் தொலைவு அணியிலிருந்து பம்பின் முன்பரப்பு வரை அளந்த தொலைவு. திசைத் திசையன் (ஒவ்வொரு கட்டப் புள்ளிக்கும் தாமதத்தையும் அளவையும் சரிசெய்யும் எண்கள்) வாய்ப்புகளில் ‘ட்ரூ லெவல்’ அளவைச் சரியாகத் தரும், ‘ட்ரூ லொகேஷன்’ இடத்தைச் சரியாகத் தரும். இரண்டையும் ஒரே நேரத்தில் பெற முடியாது. டெசிபெல் அளக்க முதலாவதை எடுங்கள்.

முதலில் சாதாரண பீம்ஃபார்மிங் படம். 16 மைக்குக்குப் போலி மடல்கள் (மூலம் இல்லாத இடத்தில் எழும் உச்சங்கள்) சராசரியாக உச்சத்துக்கு 12 டெசிபெல் கீழேயும், ஓங்கியவை அதற்கு மேலேயும் நிற்கும். ஆகவே வண்ண அளவுகோலை 8 டெசிபெலோடு நிறுத்துங்கள். 20 டெசிபெல் காட்டினால் மடல்கள் எல்லாம் மூலங்களாகத் தெரியும்.

பிறகு கிளீன்-எஸ்சி. சிட்ஸ்மா 2007-ல் தந்த முறை: உச்சத்தைக் கண்டு, அதனோடு தொடர்புடைய பகுதியைப் பதிவிலிருந்து கழித்து, மிச்சத்தில் அடுத்த உச்சத்தைத் தேடும். படம் பளிச்சென்று புள்ளிகளாகச் சுருங்கும். இதில் ஒரு ஆபத்து உண்டு. உச்சத்தோடு இணைந்து அதிரும் எதையும் இது அழித்துவிடும், அது உண்மையான இரண்டாவது மூலமாக இருந்தாலும். ஒரே தண்டிலிருந்து எழும் சத்தங்கள் அப்படி இணைந்திருக்க வாய்ப்பு அதிகம். சாதாரணப் படத்தில் இருந்து கிளீன்-எஸ்சியில் காணாமல் போனதை மடல் என்று உடனே ஒதுக்காதீர்கள். அணியை 20 செ.மீ. நகர்த்தி மறுபடி பதியுங்கள். மடல் இடம் மாறும். மூலம் பம்பின் அதே பாகத்தில் நிற்கும்.

படி 9: யாருடைய பங்கு எவ்வளவு

படத்தை மூன்று பெட்டிகளாகப் பிரியுங்கள்: விசிறி, மோட்டார் (பேரிங் இதில்தான்), கேசிங். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கிளீன்-எஸ்சி தந்த ஆற்றலைக் கூட்டி டெசிபெலாக்குங்கள். ஒரு பட்டையில் விசிறி 70, கேசிங் 67, பேரிங் 60 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 72.0. பேரிங்கை முற்றிலும் அமைதியாக்கினாலும் மொத்தம் 71.8-க்குத்தான் இறங்கும், காதுக்கு வித்தியாசமே தெரியாது. விசிறியை அமைதியாக்கினால் 67.8. எங்கே பணம் செலவழிக்க வேண்டும் என்பதை வண்ணம் சொல்லாது, இந்தக் கூட்டல்தான் சொல்லும்.

அதே பட்டையில் மைக்குகளின் சராசரி அளவோடு இந்த 72-ஐ ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு டெசிபெல் குறைவாக இருந்தால் மிச்சம் எதிரொலியும் பின்னணியும். கூடுதலாக இருந்தால் கணக்கில் பிழை.

ஒலித்திறன் வேண்டும் என்றால் திறந்த வெளியில் ஒலி அழுத்த அளவோடு தொலைவின் 20 மடங்கு மடக்கையையும் 11-ஐயும் கூட்டுங்கள். கடினத் தரையில் வைத்த மூலத்துக்கு 11-க்குப் பதில் 8. எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுகிறது என்ற அனுமானத்தில் கிடைக்கும் எண் இது. விசிறி மூடிக்கு அது பொருந்தாது, ஆகவே அதற்கு இரண்டு பக்கங்களிலிருந்தாவது அளந்து ஆற்றல் சராசரி எடுங்கள்.

288 ஹெர்ட்ஸ் கோட்டை என்ன செய்வது

விசிறிக்கு 6 இறக்கை, இம்பெல்லருக்கும் 6 இறக்கை என்றால் இரண்டும் ஒரே தண்டில் 288 ஹெர்ட்ஸிலேயே பாடும். ஸ்பெக்ட்ரமும் பிரிக்காது, இந்த அணியும் பிரிக்காது.

அணியை விடாமல் முயல வேண்டும் என்றால் அண்மைப்புல ஹோலோகிராபி: பரப்புக்கு மிக அருகில் அளந்து, பரப்பில் சத்தம் எங்கே எழுகிறது என்று திரும்பக் கணக்கிடும் முறை. அதில் இடம் பிரிக்கும் திறனை அலைநீளம் கட்டுப்படுத்தாது. பரப்புக்கு எவ்வளவு நெருங்குகிறீர்கள் என்பதே கட்டுப்படுத்தும். 15 மைக்குகளை 5 செ.மீ. இடைவெளியில் ஐந்துக்கு மூன்றாகக் கட்டி, பம்பின் பரப்பிலிருந்து 5 செ.மீ.இல் பிடியுங்கள். பதினாறாவது மைக் அசையாமல் ஓரிடத்தில் நிற்கும். மற்ற மைக்குகளின் கட்டம் (ஃபேஸ்) எல்லாம் அதை வைத்தே ஒப்பிடப்படும். 75 செ.மீ.க்கு 45 செ.மீ. பரப்பை மூட ஒன்பது நிறுத்தங்கள். ஒன்பதும் முடியும் வரை மின்னழுத்தமும் சுமையும் மாறக் கூடாது. சுற்று வேகம் சற்று நகர்ந்தாலும் கோடு நகர்ந்து ஒட்டுத் தையல் கலைந்துவிடும். ஸ்டெபிலைசர் வைத்து ஓட்டுங்கள்.

இதைவிடச் சுருக்கமான வழி: அணியை ஓரமாக வைத்துவிட்டு, மின்சாரத்தைத் துண்டித்து விசிறியைக் கழற்றி, மூடியைத் திரும்ப மாட்டி, பம்பை அரை நிமிடம் மட்டும் அதே வால்வுத் திறப்பில் ஓட்டி ஒரே மைக்கில் பதியுங்கள். குளிர்விப்பு இல்லாததால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. 288 கோடு பல டெசிபெல் விழுந்தால் குற்றவாளி விசிறி. அசையாமல் நின்றால் இம்பெல்லரின் விளிம்புக்கும் கேசிங்கின் நாக்குக்கும் உள்ள இடைவெளியைத் திறந்து பாருங்கள். அது மிகக் குறுகலாக இருக்கும்போது ஒவ்வொரு இறக்கையும் நாக்கைக் கடக்கையில் தண்ணீரில் ஒரு அழுத்த அடி விழுகிறது, அந்த அடிதான் கேசிங் வழியாக வெளியே கேட்கிறது.